நடுப்பாலத்தில் ஒரு நிறுத்தம்

கோப்பில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் வந்தேன் மேடம். நீங்கள் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரர், தமிழ் எழுதவும் வரும் என்று வெளியே நின்ற போலீஸ்காரர் சொன்னார். நிம்மதியாக இருந்தது. போன தடவை நான் தமிழில் சொன்னதை ஸ்டேஷன் ரைட்டர் மலையாளத்தில் எழுதி எனக்கே வாசித்துக் காட்டினார். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் பேச்சை இன்னொருவர் சுமந்துகொண்டு போகும்போது வழியில் ஏதாவது சிந்தத்தான் செய்யும். அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

போன வருடம் மழைக்காலத்தில் எங்கள் எஸ்டேட் ஓடைமேல் கயிற்றில் தொங்கும் தூக்குப்பாலத்திலிருந்து விழுந்து இறந்த கத்தரீனாள் என்பவரின் கோப்பு. சினிமாப் படப்பிடிப்பில் நடந்த விபத்து. தடுத்தும் கேளாமல் அவராகவே நடந்துபோனார் என்று அதில் எழுதியிருக்கும். அந்த வரியில்தான் திருத்தம். முன்கதை தெரியாமல் அது விளங்காது. அதனால் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும்.

நான் ஜின்சன். தேவிகுளத்தில் டூரிஸ்ட் கைடு. ஆங்கில இலக்கியம் படித்தவன். எங்கள் மாதா கோவில் திருவிழாவுக்கு வருடாவருடம் நகைச்சுவை நாடகம் எழுதி இயக்குவதும் நான்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சிரிப்பு எனக்குப் பழக்கமான விஷயம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஹார்ஸ்டன் என்ற இங்கிலீஷ் டைரக்டர் படம் எடுக்க வந்தபோது மொழிபெயர்ப்பாளராக என்னை வைத்துக்கொண்டார். நாற்பது வருடமாகச் சிரிப்புப் படங்கள் எடுப்பவர். அவர் படங்களில் யாரும் சிரிக்க மாட்டார்கள். வீடு தீப்பற்றி எரியும். உள்ளே குடும்பம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, புகை வருவதற்காக ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும். அவர் படங்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். முதல் தடவை சிரிப்பு வரவில்லை. இரண்டாம் தடவை, எங்கே வர வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

இங்கே அவர் எடுக்க வந்த கதை இதுதான். எஸ்டேட் கைமாறிவிட்டது தெரியாமல் தினமும் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் ஒரு கிழத் துரை. அவருடைய சமையல்காரிக்கு விஷயம் தெரியும். சொல்ல மாட்டாள். படம் முழுக்க அவ்வளவுதான்.

டைரக்டரின் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம் படித்தவர்களுக்குப் பிடிபடாது. மோசமில்லை என்றால் பிரமாதம் என்று அர்த்தம். ரொம்பச் சுவாரசியம் என்றால் குப்பை. ஒரு நாள் லைட்காரர்கள் நின்ற பக்கம் பார்த்து, அந்த விளக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினால் நன்றாயிருக்குமோ என்று யோசிப்பவரைப் போலச் சொன்னார். நான் அவர்களிடம் மலையாளத்தில், ஓடுங்கள், விழப்போகிறது என்றேன். ஓடினார்கள். விழுந்தது. உங்களுக்கு நல்ல காது என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தூங்காமல் இருந்திருப்பேன். சாப்பாட்டு இடைவேளைகளில் என் நாடகங்களிலிருந்து நல்ல இடங்களை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்வேன். கவனமாகக் கேட்டுவிட்டு, ரொம்பச் சுவாரசியம் என்பார்.

சமையல்காரி வேடத்துக்குக் கொச்சியிலிருந்து வந்த நடிகை முதல் நாளே நன்றாக அழுதுவிட்டதால் அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் படப்பிடிப்பு லாரி ஒன்று லயத்துக்கு முன்னால் சேற்றில் இறங்கிவிட்டது. ஆளாளுக்குக் கத்திக்கொண்டு தள்ளினார்கள். குழாயடியில் நின்ற கத்தரீனாள் சித்தி லாரியைப் பார்த்தார். டைரக்டரைப் பார்த்தார். பிறகு, லாரி இன்னும் வசதியாகப் புதைய இடம் கொடுப்பதுபோல, தன் குடத்தை ஓரடி தள்ளி வைத்தார். முகத்தில் ஒன்றுமில்லை. டைரக்டர் கைக்குட்டையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். அவர் சிரிக்கும் விதம் அது. படப்பிடிப்பில் சத்தம் பதிந்துவிடக் கூடாது என்று பழகிப்போனது. அன்றைக்குத்தான் நான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

சித்தி என்றால் சொந்தச் சித்தி இல்லை. பக்கத்து லயம். அம்மாவோடு ஒரே தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளியவர். ரிட்டயர் ஆகி, தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்யும் மகள் சந்தனமேரியோடு இருந்தார். யாரையும் மதிக்காத வாய். ஒரு திருவிழா முடிந்து என் நாடகத்தைப் பற்றி எல்லாரும் பாராட்டிக்கொண்டிருந்தபோது, பந்தலிலேயே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நல்லாருந்துச்சுலே ஜின்சா. எங்கன சிரிக்கணும்னு நீயே முன்னாடி சிரிச்சுக் காட்டிருத. எங்களுக்கு வசதி."

சுற்றி நின்றவர்கள் நாடகத்துக்குச் சிரித்ததைவிட இதற்கு அதிகம் சிரித்தார்கள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

வேடம் சித்திக்கே போனது. ஒன்றும் செய்யாதீர்கள் என்று சொல்லச் சொன்னார் டைரக்டர். நான் சொன்னேன். சித்தி ஒன்றும் செய்யவில்லை. அதைப் பார்த்துக் கைக்குட்டை வெளியே வந்தது. மறுநாளும் அப்படியே. துரை வேடக்காரர் லண்டனில் பெரிய பெயரெடுத்த நடிகர். மூன்று பக்க வசனத்தைப் பிசகாமல் பேசுவார். பின்னால் சித்தி தோசைக்கரண்டியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எல்லாரும் சித்தியைத்தான் பார்ப்பார்கள்.

மொழிபெயர்ப்பில் நான் அங்கங்கே கொஞ்சம் மெருகேற்றியது உண்மை. டீக் கப்பை வைத்துவிட்டுப் போகட்டும் என்று டைரக்டர் சொன்ன இடத்தில், கோபமாக டொக்கென்று வைக்கச் சொல்கிறார் என்றேன். சித்தியின் கலையில் ஒரு திருப்பம் வரட்டும் என்ற எண்ணம்தான். சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போய்க் கப்பைச் சத்தமே இல்லாமல் வைத்தார். வைத்துவிட்டு, துரையின் கைக்கு எட்டாத பக்கமாக அதன் பிடியை ஒரு விரலால் திருப்பிவிட்டார். டைரக்டர் குனிந்து தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அடக்கிய சிரிப்பில் கேமராக்காரர் குலுங்கியதில் இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. காட்சி முடிந்து என்னைக் கடந்து போகும்போது சித்தி நின்றார்.

"எலே, தொர சொல்லுததுல பாதிதான் எனக்கு வந்து சேருது. மீதிய எங்கன வச்சிருக்க?"

டைரக்டரைத்தான் தொர என்பார். சாதாரணமாகத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற மேக்கப் பெண்கள் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் தேவைப்படவில்லை. டைரக்டர் ஒரு புருவத்தை உயர்த்துவார். சித்தி ஒரு புருவத்தை இறக்குவார். காட்சி தயார். அறுபது வயதில் இரண்டு பேர் புருவத்தால் பேசிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்த ஒருவனுக்கு எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசிக்கலாம். எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு மாலை அவர் என்னிடம் வந்து, நாளைக்குச் சமையலறைக் காட்சிதான், நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை என்றார். அந்த மனிதர் பேசும் ஆங்கிலம் எனக்குத் தெரியும் என்றேன் அல்லவா. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை வேறு எப்படியாவது மொழிபெயர்க்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

பாலக் காட்சிக்கு மட்டும் கூப்பிட்டார்கள். அதில் கேமராவும் டைரக்டரும் அக்கரையில் இருப்பார்கள், சித்தி இக்கரையில். புருவம் எட்டாத தூரம்.

காட்சி இது. ஓடையில் வெள்ளம். அக்கரைப் புல்வெளியில் மேசை போட்டு உட்கார்ந்த துரை திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்கிறார். சமையல்காரி தட்டில் டீ எடுத்துக்கொண்டு தூக்குப்பாலத்தில் ஒன்றும் நடக்காததுபோல நடந்து வருகிறாள். முழுக்க நடந்து வருவதை இடுப்பில் கம்பி கட்டிய ஸ்டண்ட் பெண் செய்வாள். சித்தி பாலத்தில் ஏறிச் சிவப்புத் துணி கட்டிய இடம் வரை நாலடி வைத்தால் போதும். காலையில் ஸ்டண்ட் ஆட்கள் பாலத்தைப் பார்த்துவிட்டு, நடுவில் சில பலகைகளை மாற்ற வேண்டும் என்றார்கள். மரம் வர மதியம் ஆகும். அதற்குள் நாலடியை எடுத்துவிடலாம் என்று முடிவானது.

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. இக்கரையில் சித்தியையும் என்னையும் தவிர யாரும் இல்லை. என் கையில் வாக்கி-டாக்கி. அக்கரையிலிருந்து டைரக்டர் பேசினார். அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே தமிழில் தருகிறேன். "துணியைத் தாண்டி அவர் வராமலிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாயிருக்கும்."

உங்கள் ரைட்டரிடம் கொடுத்தால் இது ஏதோ ஆசை என்று எழுதுவார். அந்த மனிதரின் வாயில் இதைவிடக் கடுமையான உத்தரவு கிடையாது. எனக்குத் தெரியும்.

சித்தி தட்டோடு நின்றிருந்தார். தொர என்னலே சொல்லுதாரு என்று கேட்டார். நேரே வரச் சொல்லுதாரு சித்தி, நடுப்பாலத்துல சரியா மத்தியில நின்னு கீழ பாக்கணும், பொறவு மேசையில இருக்கவரப் பாக்கணும் என்றேன்.

சித்தி பாலத்தைப் பார்த்தார். "நெசமாவே தொரதான் சொன்னாரா?"

"ஆமா சித்தி."

அவருக்கு எதுவும் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, மேடம். தட்டு கொஞ்சம் ஆடும், டீ சிந்தும், சித்தியும் நம்மைப் போல ஒரு ஆள்தான் என்று டைரக்டருக்குப் புரியும். அவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு.

நடந்தார். முந்நூறு ஏக்கர் காட்டில் கூடையோடு ஏறி இறங்கிய கால்கள் அல்லவா, தட்டு ஆடவே இல்லை. துணியைத் தாண்டினார். நடுவில் நின்றார். தட்டைப் பார்த்தார், வெள்ளத்தைப் பார்த்தார், நிமிர்ந்து அக்கரையில் துரையைப் பார்த்தார். வாக்கி-டாக்கியின் பட்டனில் டைரக்டர் கை அழுத்தியபடியே இருந்திருக்க வேண்டும். அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. கைக்குட்டை இல்லாத சிரிப்பு. அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது. சித்தி எங்கே நிற்கிறார் என்பது அப்போதுதான் டைரக்டருக்கு உறைத்திருக்கும். "அவரைத் திரும்பிப் போகச் சொல்ல முடியுமா, தயவுசெய்து?" என்றார். முடியும் என்றேன். கேட்டது கேள்வி, நான் சொன்னது பதில்.

அக்கரையில் ஆட்கள் கையை ஆட்டிக் கத்தினார்கள். ஓடைச் சத்தத்தில் ஒன்றும் புரியாது. சித்தி தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"என்னலே சொல்லுதாவ?"

"நல்லாருக்குன்னு சொல்லுதாவ சித்தி."

அதுவும் பொய்யில்லை.

பலகை முறிந்த சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. டீ ஜாடி மட்டும் கயிற்று வலையில் மாட்டிக் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. அதை டைரக்டர் பிறகு வெட்டிவிட்டார். சரியான முடிவு.

இந்த ஸ்டேஷனில் அவர் கொடுத்த வாக்குமூலத்துக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். தேவிகுளத்தில் அன்றைக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, வர வேண்டாமென்று சொன்னேன், ஆனால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தன் மரியாதையான பேச்சுதான் ஒரு பெண்ணைக் கொன்றது என்று நம்பிவிட்டார் என நினைக்கிறேன். உங்களுக்கு முன்பிருந்த எஸ்.ஐ. சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார். தடுத்தும் கேளாமல் அவராகவே போனார் என்று சுருக்கினேன். கோப்பில் இருப்பது அதுதான். எஸ்டேட்டில் பாலத்தைக் கழற்றிவிட்டார்கள். யூனியன் இரங்கல் கூட்டம் போட்டது, நான் பேசினேன். அடக்கத்தில் பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தேன். சந்தனமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க கூட நின்னியளேன்னுதான் அண்ணே ஒரு ஆறுதல் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டைரக்டர் ரொம்ப நாள் படத்தைத் தொடவில்லை என்று கேள்வி. பாலக் காட்சியை எடுத்துவிடப் போவதாகச் சொல்லி சந்தனமேரியிடம் ஃபோனில் பேசினார். அதற்கும் நான்தான் நடுவில். எங்கம்ம மொகத்த வெட்டிப்போடாண்டாம், அது இருக்கட்டும் என்றாள் அவள். இதை நான் மாற்றாமல் சொன்னேன். எனக்கும் அந்தக் காட்சி இருக்க வேண்டும் என்றிருந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்து எங்கள் கோவில் ஹாலில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். டைரக்டரே வந்திருந்தார். கோலூன்றி நடக்கிறார். லயத்து ஜனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. பாலத்தில் சித்தி நின்றார். கீழே பார்த்தார். நிமிர்ந்தார். ஹால் அதிர்ந்தது, மேடம். என் நாடகம் எதற்கும் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை. அந்தப் பார்வையோடு காட்சி முடிந்துவிடும். சிரித்து ஓய்ந்த பிறகுதான் சனங்களுக்கு நினைவு வந்தது. அழ ஆரம்பித்தார்கள். சந்தனமேரி சிரித்த வாய் மூடுவதற்குள் அழுதாள்.

டைரக்டர் மேடை ஏறினார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அன்றைக்கு ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அவர் சொன்னது இது. "நாற்பது வருடமாக நான் இந்த வேலை செய்கிறேன். நடுப்பாலத்தில் கத்தரீனாள் நின்ற அந்த நிறுத்தம் போல ஒன்றை நான் எடுத்ததில்லை, எனக்கு யோசிக்கவும் வந்திருக்காது. அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது முழுக்க அவருடையது."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்ற இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. துக்கம் என்று நினைத்து முன்வரிசையிலிருந்து சந்தனமேரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன். மீதியையும் சொல்லி முடித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். இந்தப் படம் நாடு நாடாகப் போகும். அந்த இடத்தில் ஜனம் சிரிக்கும். சிரித்துவிட்டு ஒரு கொழுந்துக்காரியின் அபூர்வத் திறமை என்று பேசும். சித்திக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன், முகம் அவருடையதுதான். ஆனால் யோசனை வேறு, முகம் வேறு. அவராகவே போனார் என்று உங்கள் கோப்பில் இருக்கிற வரைக்கும் அந்த நிறுத்தமும் அவருடையதாகவே இருக்கும். அதனால் அந்த வரியை அடித்துவிட்டு, ஜின்சன் சொல்லித்தான் போனார், நடுவில் நிற்கச் சொன்னதும் ஜின்சன்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

"ஏனுங்க ஜின்சன், நடுவுல எந்தப் பலகைக மோசமுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுங்களா?"

தெரியும் மேடம். காலையில் ஸ்டண்ட் ஆட்களோடு நானும் நடுப்பாலம் வரை போயிருந்தேன். செருப்பு நுனியால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். சரியாக மத்தியில் இருந்த அந்த ஒரு பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி இருந்தது. கால் கீழே லேசாகப் போக வேண்டும், சித்தி அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்தும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிமிர்ந்து துரையைப் பார்க்க வேண்டும். வேறு எந்தப் பலகையில் நிற்கச் சொல்லியிருந்தாலும் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.